புது பேட்டரி போட்ட பிறகு கார் மக்கர் செய்கிறதா? அறிகுறியை வைத்துப் பிழை பிடிக்கும் வழி

பெங்களூரில் கார் பேட்டரி மாற்றுவது இப்போது சுலபமான வேலை. போன் செய்தால் ஆள் வருகிறார். அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டிலோ ரோட்டோரத்திலோ பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டிவிட்டு, பழையதை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார். அவர் பைக் தெருமுனையைத் தாண்டிய பிறகுதான் சிலருக்குச் சிக்கல் ஆரம்பிக்கிறது. செல்ஃப் எடுக்காது, எடுத்தாலும் ஐடிலிங் நிற்காது, ஸ்டியரிங் விளக்கு அணையாது, மறுநாள் காலையில் வண்டி செத்துக் கிடக்கும். திரும்பக் கூப்பிட்டால், "பேட்டரி பக்கா சார், உங்க ஆல்டர்னேட்டர்லதான் ப்ராப்ளம்" என்று பதில் வரும்.

அந்தப் பதிலை நம்பி ஜேசி ரோட்டு ஸ்பேர்ஸ் கடைகளில் ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் கருவி) விலை விசாரிக்கப் போவதற்கு முன்னால் கொஞ்சம் பொறுங்கள். மாற்றும் வரை இல்லாத கோளாறு மாற்றிய பிறகு வந்திருக்கிறது என்றால், மாற்றியவரின் கை பட்ட இடத்தில்தான் முதலில் தேட வேண்டும். கை பட்ட இடங்கள் ரொம்பக் குறைவு: இரண்டு டெர்மினல், அவற்றைக் கவ்வும் கிளாம்ப், பாசிட்டிவ் பக்கத்து மெயின் ஃப்யூஸ், நெகட்டிவைப் பாடியோடு இணைக்கும் எர்த் கேபிள். அதற்கு அடுத்தது, கரண்ட் துண்டானதும் வண்டியின் கம்ப்யூட்டர்கள் மறந்துபோன சங்கதிகள். இந்த இரண்டும் சரியாக இருந்தால்தான் மூன்றாவது சந்தேகத்துக்குப் போக வேண்டும்: பழைய பேட்டரியைக் கொன்ற அதே கோளாறு இப்போது புதியதையும் தின்றுகொண்டிருக்கிறதா? இந்த வரிசையை மாற்றினால் பணம்தான் போகும்.

மீட்டரும் மூன்று அளவுகளும்

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், பத்தாம் நம்பர் ஸ்பேனர், உப்புத்தாள் துண்டு. இவ்வளவு போதும். மீட்டரை எஸ்பி ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் மலிவாக வாங்கலாம். 10 ஆம்பியர் டிசி அளக்கத் தனித் துளை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வேலைக்கு முன் மோதிரம், காப்பு, இரும்புப் பட்டை வாட்ச் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிடுங்கள். டெர்மினலைக் கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். காரணம் எளிது. நெகட்டிவ் மாட்டியிருக்கும்போது பாசிட்டிவ் நட்டில் இருக்கும் ஸ்பேனர் பாடியைத் தொட்டால் நேரடி ஷார்ட். நெகட்டிவ் கழன்றிருந்தால் தொட்டாலும் ஒன்றும் ஆகாது.

முதல் அளவு, வண்டியை அணைத்துச் சில மணி நேரம் கழித்து பேட்டரியின் மேல் நீட்டியிருக்கும் இரண்டு ஈயக் கம்பங்களிலும் (அவைதான் டெர்மினல்) மீட்டரை வைத்து எடுப்பது. 12.6 வோல்ட்டும் அதற்கு மேலும் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால் அளவு, 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால்தான் மிச்சம். புது பேட்டரி என்றாலே முழு சார்ஜ் என்று நினைக்க வேண்டாம். கடை அலமாரியில் மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தது 12.2-க்கு இறங்கியிருக்கலாம். அது பழுதில்லை, சார்ஜரில் போட்டால் ஏறிவிடும்.

இரண்டாவது, ஒருவர் செல்ஃப் அடிக்கும்போது இன்னொருவர் மீட்டரைப் பார்ப்பது. 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது பேட்டரியே சரியில்லை. மூன்றாவது, இன்ஜின் ஓடும்போது எடுப்பது. பெரும்பாலான வண்டிகளில் 13.8-க்கும் 14.7-க்கும் இடையே காட்ட வேண்டும்.

பேட்டரியின் மேல் இருக்கும் பச்சைக் கண்ணை நம்பி முடிவெடுக்காதீர்கள். உள்ளே இருக்கும் ஆறு செல்லில் ஒன்றின் ஆசிட் அடர்த்தியை மட்டும்தான் அது பார்க்கிறது. மீதி ஐந்தைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

"சாவியைத் திருப்பினால் எதுவுமே இல்லை, டேஷ்போர்டுகூட எரியவில்லை"

பானெட்டைத் திறந்து, இரண்டு கிளாம்பையும் கையால் பிடித்துத் திருகிப் பாருங்கள். ஸ்பேனர் வேண்டாம், கைதான். கொஞ்சமாவது அசைந்தால் காரணம் கிடைத்துவிட்டது.

இங்கே நம் ஊர் வண்டிகளுக்கே உரிய ஒரு வம்பு உண்டு. சின்னக் கார்களுக்கு வரும் ஜப்பான் வகை பேட்டரிகளில் ஒல்லிக் கம்பம், தடிக் கம்பம் என்று இரண்டு தினுசு. ஒல்லியில் பாசிட்டிவ் சுமார் 14.7 மில்லிமீட்டர் விட்டம், நெகட்டிவ் 13. தடியில் பாசிட்டிவ் 19.5, நெகட்டிவ் 17.9. எந்த வகையிலும் பாசிட்டிவ் கம்பம் கொஞ்சம் பெரிதாக இருக்கும், மாற்றி மாட்டக் கூடாது என்பதற்காக. தடிக் கம்பத்துக்கான கிளாம்பை ஒல்லிக் கம்பத்தில் போட்டால் எவ்வளவு முறுக்கினாலும் பிடிக்காது. கிளாம்பின் வாய் முழுக்க மூடிவிடும், உள்ளே கம்பம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

கக்கதாசபுரத்தில் எங்கள் பேஸ்மென்ட்டில், பக்கத்து ஃப்ளாட் மாமியின் கார் இப்படித்தான் ஒருநாள் நின்றது. "நேத்துதானேப்பா புதுசு போட்டான்!" என்றார். நெகட்டிவ் கிளாம்பைத் தொட்டதும் மோதிரம் போலச் சுழன்றது. கழற்றினால், கம்பத்தைச் சுற்றி மடித்துச் செருகிய தகரத் துண்டு. கூல்டிரிங்க் கேனை வெட்டியது, சிவப்பு பெயின்ட் இன்னும் இருந்தது. அந்த பெயின்ட்டே கரண்டை மறிக்கும். இதற்கென்றே ஈயத்தில் செய்த மெல்லிய குழாய் வளையம் ஸ்பேர்ஸ் கடைகளில் விற்கிறது. கம்பத்தின் மேல் அதைப் போட்டுக் கிளாம்பை இறுக்கினால் தீர்ந்தது. மாமியிடம், "மாமி, பேட்டரி நல்லாத்தான் இருக்கு, போட்ட விதந்தான் சரியில்ல" என்றதும் போனை எடுத்து அந்தப் பையனைத் தாளித்துவிட்டார்.

கிளாம்ப் இறுக்கமாக இருந்தும் எதுவும் எரியவில்லையா? பாசிட்டிவ் கிளாம்பின் மேலேயோ பக்கத்துப் பெட்டியிலோ போல்ட் போட்டு இறுக்கிய பெரிய ஃப்யூஸ்கள் இருக்கும். மீட்டரில் ஒரு முனையை நெகட்டிவில் வைத்து, மறு முனையை மெயின் ஃப்யூஸின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தொடுங்கள். ஒரு பக்கம் 12, மறு பக்கம் பூஜ்யம் என்றால் ஃப்யூஸ் போயிருக்கிறது. அது ஏன் போனது என்று கேட்காமல் புதியதைப் போடக் கூடாது. மாட்டும்போது பெரிதாகத் தீப்பொறி பறந்ததா என்று வந்தவரிடம் விசாரியுங்கள். கடைசி டெர்மினலைத் தொடும்போது வரும் சின்னப் பொறி சகஜம். பட்டாசு மாதிரி வெடித்தது என்றால் பாசிட்டிவும் நெகட்டிவும் மாறியிருக்கின்றன.

மாறுவதற்கு வாய்ப்பு இருக்கிறது. ஒரே சைஸ் பேட்டரியில் எல், ஆர் என்று இரண்டு உண்டு. 38பி20எல், 38பி20ஆர் என்று லேபிளில் போட்டிருக்கும். வித்தியாசம் கம்பங்கள் எந்தப் பக்கம் என்பதில்தான். வேறு பக்கம் உள்ளதைக் கொண்டுவந்துவிட்டு, கேபிள் எட்டாததால் பேட்டரியைத் திருப்பி வைப்பதும், அவசரத்தில் கைக்கு எட்டிய கேபிளை எட்டிய கம்பத்தில் மாட்டுவதும் நடக்கும். அப்படி மாட்டியிருந்தால் மெயின் ஃப்யூஸ் போய் மற்றதைக் காப்பாற்றியிருக்கலாம்; ஆல்டர்னேட்டரின் டயோடுகளும் சேர்ந்து போயிருக்கலாம். ஃப்யூஸ் மாற்றி வண்டி எடுத்த பிறகு, மூன்றாவது அளவான ஓடும்போது வோல்ட்டை மறக்காமல் பாருங்கள்.

"டேஷ்போர்டு எரிகிறது, செல்ஃப் அடித்தால் 'டிக்' மட்டும்தான்"

என் கணக்கில் இதுதான் அதிகம் ஏமாற்றும் அறிகுறி. செல்ஃப் மோட்டார் போச்சு என்று கழற்றி வாங்கிப்போய், ரிப்பேர் செய்ததாகச் சொல்லித் திருப்பி மாட்டும்போது எர்த் போல்ட்டை நன்றாக இறுக்கிவிடுவார்கள். வண்டி எடுக்கும். பில் மோட்டாருக்கு வரும்.

நடப்பது இதுதான். டேஷ்போர்டு விளக்குக்குத் தேவை ஓரிரண்டு ஆம்பியர். செல்ஃப் மோட்டாருக்குச் சின்ன பெட்ரோல் காரிலேயே 100-க்கு மேல். வழியில் எங்காவது துரு ஏறிய இணைப்பில் 0.01 ஓம் தடை இருக்கிறது என்று வையுங்கள். 2 ஆம்பியர் போகும்போது அது தெரியவே தெரியாது. 150 ஆம்பியர் போகும்போது அந்த ஒரே இடத்தில் 1.5 வோல்ட் காணாமல் போகும். ஓம் மீட்டரை வைத்துச் சோதித்தால் இந்தத் தடை சிக்காது, சாதாரண மீட்டருக்கு அது ரொம்பச் சின்னது. கரண்ட் ஓடும்போது எங்கே வோல்ட் தொலைகிறது என்று பார்ப்பதுதான் வழி.

மீட்டரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். ஒரு முனை நெகட்டிவ் கம்பத்தின் நடு ஈயத்தில். கிளாம்பின் மேல் வைக்கக் கூடாது. மறு முனை இன்ஜினின் சுத்தமான ஒரு போல்ட்டில். இப்போது ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த் நன்றாக இருக்கிறது. 0.5-ஐத் தாண்டினால் எர்த் பாதை மோசம். அப்புறம் துண்டு துண்டாகப் பாருங்கள்: கம்பத்துக்கும் கிளாம்புக்கும் நடுவே எவ்வளவு, கிளாம்புக்கும் பாடிக்கும் நடுவே எவ்வளவு, பாடிக்கும் இன்ஜினுக்கும் நடுவே எவ்வளவு. எந்தத் துண்டில் எண் எகிறுகிறதோ அங்கேதான் உப்புத்தாளுக்கு வேலை. பாசிட்டிவ் பக்கமும் இதே மாதிரி, பாசிட்டிவ் கம்பத்திலிருந்து செல்ஃப் மோட்டாரின் தடி கேபிள் வரை. அங்கே அரை வோல்ட் வரை பொறுத்துக்கொள்ளலாம்.

பாடிக்கும் இன்ஜினுக்கும் நடுவே இருக்கும் பின்னல் எர்த் பட்டையைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். இன்ஜின் ரப்பர் மவுன்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பட்டை இல்லாவிட்டால் கரண்ட் திரும்பி வர ஒழுங்கான வழியே இல்லை. மழைத் தண்ணீர் தேங்கிய ரோடுகளில் ஓடிய வண்டிகளில் அதன் முனை பச்சையாகப் பூத்திருக்கும். அதைக் கழற்றி, இரண்டு முகத்தையும் பளபளப்பாகத் தேய்த்து, இறுக்கி, மேலே வாஸ்லின் தடவுங்கள். தேய்த்து இறுக்கிய பிறகுதான் வாஸ்லின். முன்னால் தடவி என்ன பயன்?

'டிக்' ஒரே முறை கேட்டால் இணைப்பு, அல்லது செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் ஸ்விட்சான சொலினாய்டு. 'டிக் டிக் டிக்' என்று தொடர்ந்து அடித்தால் பெரும்பாலும் சார்ஜ் குறைவு. சொலினாய்டு இழுத்துப் பிடிப்பதற்குள் வோல்ட் விழுந்து, விட்டு, மறுபடி இழுக்கிறது.

"செல்ஃப் ஜோராக அடிக்கிறது, ஆனால் இன்ஜின் பிடிக்கவில்லை"

பேட்டரியைத் திட்ட வேண்டாம், அது தன் வேலையைச் செய்துவிட்டது. டேஷ்போர்டில் சாவி அல்லது பூட்டுப் படம் வேகமாக மின்னுகிறதா என்று பாருங்கள். மின்னினால் இம்மொபிலைசர் சாவியை அடையாளம் காணவில்லை. ஒரே கொத்தில் வேறு வண்டியின் சாவி இருந்தால் பிரித்துவிட்டு முயலுங்கள். பட்டன் ஸ்டார்ட் வண்டி என்றால், ரிமோட்டை ஸ்டார்ட் பட்டனின் மேல் ஒட்டிப் பிடித்து அழுத்துங்கள்; ரிமோட்டுக்குள் இருக்கும் பொத்தான் பேட்டரி செத்திருந்தாலும் பெரும்பாலான வண்டிகளில் இப்படி எடுக்கும். வெளியே வாங்கிப் போட்ட அலாரம் இருந்தால், பேட்டரி மாட்டியதும் அது தன்னைத்தானே பூட்டிக்கொண்டிருக்கும். ரிமோட்டில் ஒருமுறை லாக், ஒருமுறை அன்லாக்.

இம்மொபிலைசர் விளக்கு அடங்கியிருந்தால், இக்னிஷன் போட்டதும் பின்சீட்டுப் பக்கம் இரண்டு விநாடி 'ஊம்' என்று பெட்ரோல் பம்ப் சத்தம் வருகிறதா என்று காது கொடுங்கள். வராவிட்டால் பம்ப் ஃப்யூஸ், அப்புறம் ரிலே.

"எடுக்கிறது, ஆனால் சிக்னலில் அணைந்துவிடுகிறது"

சில்க் போர்டு சிக்னலில் ஆக்சிலரேட்டரை விட்டதும் ஆர்பிஎம் குப்புற விழுந்து வண்டி நிற்பது பேட்டரி மாற்றிய அன்று மாலை நடக்கும் கதை. பயப்பட ஒன்றுமில்லை. இன்ஜினுக்குக் காற்று விடும் த்ராட்டில் வால்வின் ஓரத்தில் கரி படியப் படிய, இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான இசியு கொஞ்சம் கொஞ்சமாக வால்வைக் கூடுதலாகத் திறந்து ஐடிலிங்கைச் சமாளித்துவந்தது. பேட்டரி கழன்றதும் பல வண்டிகளில் அந்தக் கணக்கு அழிந்துபோகிறது. கரி அப்படியே இருக்கிறது. இசியு மட்டும் சுத்தமான வால்வு என்று நினைத்துத் தொடக்க அளவுக்குத்தான் திறக்கிறது. காற்று போதவில்லை.

ஏசி, விளக்கு, பாட்டு எல்லாம் அணைத்து இன்ஜினை எடுத்து, ரேடியேட்டர் விசிறி ஓரிருமுறை ஓடி நிற்கும் வரை ஐடிலிங்கில் விடுங்கள். காலை ஆக்சிலரேட்டரில் வைக்காதீர்கள். அப்புறம் ஏசி போட்டு இன்னும் சில நிமிடம். அதன் பின் சிக்னல் இல்லாத ரோட்டில் ஒரு ஓட்டம். சனிக்கிழமை விடியற்காலையில் ஓசூர் வரை போய்வர இது நல்ல சாக்கு. பல வண்டிகள் இதிலேயே சரியாகிவிடும். சரியாகவில்லை என்றால் த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். எலக்ட்ரானிக் த்ராட்டிலை விரலால் தள்ளித் திறக்காதீர்கள், உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரம். சில மாடல்களுக்கு ஸ்கேனர் வைத்துத்தான் பழக்க முடியும். அவற்றுக்கு சர்வீஸ் சென்டரே கதி.

ஆட்டோமேட்டிக் கியர் வண்டிகளில் முதல் சில நாள் கியர் மாறுவது கொஞ்சம் முரடாக இருந்தால் அதுவும் இதே மறதிதான். ஓட ஓடப் பழகும்.

"ஸ்டியரிங் விளக்கு, ஏபிஎஸ் விளக்கு, எல்லாமே எரிகிறது"

ஸ்டியரிங் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதைச் சில வண்டிகள் மறந்துவிடும். இன்ஜினை ஓடவிட்டு ஸ்டியரிங்கை இடக்கோடி வரை, அப்புறம் வலக்கோடி வரை திருப்பி, நேராக வைத்து, கொஞ்ச தூரம் நேராக ஓட்டுங்கள். பல விளக்குகள் தானே அணையும். அணையாவிட்டால் முதலில் வோல்ட்டைப் பாருங்கள். மின்சார ஸ்டியரிங்கும் ஏபிஎஸ்ஸும் வோல்ட் குறைந்தால் முதலில் முனகும் ரகம். லூசான கிளாம்ப் இந்த விளக்குகளாகத்தான் முதலில் தலைகாட்டும்.

ஏர்பேக் விளக்கு தொடர்ந்து எரிந்தால் மட்டும் நீங்களாக எதையும் தொடாதீர்கள். சீட்டுக்கு அடியில் உள்ள மஞ்சள் கனெக்டரை ஆட்டிப் பார்க்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்க வேண்டாம்.

"ஓடும்போது பேட்டரி விளக்கு எரிகிறது"

மூன்றாவது அளவு இங்கேதான் தீர்ப்புச் சொல்லும். இன்ஜின் ஓடும்போதும் 12.3, 12.2 என்று இறங்கிக்கொண்டே போனால் சார்ஜிங் இல்லை. பெல்ட் இருக்கிறதா, தளர்ந்திருக்கிறதா. ஆல்டர்னேட்டரின் பெரிய ஃப்யூஸ் போயிருக்கிறதா. பின்னால் உள்ள சின்ன கனெக்டர் கழன்றிருக்கிறதா. இவை மூன்றும் சரியாக இருந்தால் ஆல்டர்னேட்டரைச் சந்தேகிக்க உங்களுக்கு உரிமை உண்டு.

புதிய வண்டிகளில் ஒரு நெளிவு உண்டு. மைலேஜுக்காக இசியு ஆல்டர்னேட்டரைக் குறைத்தும் கூட்டியும் ஓட்டும். பேட்டரி நிறைந்திருந்தால் 12.8 காட்டும், பிரேக் பிடிக்கும்போது 15-ஐ நெருங்கும். இதைப் பழுது என்று சொல்லிவிடக் கூடாது. ஹெட்லைட்டும் ஏசி புளோயரும் போட்டுக் கொஞ்ச நேரம் பாருங்கள். 14 பக்கம் வந்துவிட்டால் நல்ல ஆல்டர்னேட்டர். பழைய மாடல் வண்டியில் எப்போதும் 15-க்கு மேல் நின்று, அழுகிய முட்டை நாற்றமும் வந்தால் சார்ஜ் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போயிருக்கிறது. அதோடு ஓட்டாதீர்கள், புது பேட்டரி வெந்துவிடும்.

ஒன்றைக் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும். "ஆல்டர்னேட்டர் ஓகேவான்னு இப்பவே பாத்துடலாம் சார்" என்று சொல்லி, இன்ஜின் ஓடும்போதே நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வயர் மட்டும் இருந்த அந்தக் கால அம்பாசடரில் அது செல்லுபடியான சோதனை. இன்றைய வண்டியில் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்துகொண்டிருக்கும்போது பேட்டரியைப் பிரித்தால், அடக்கும் ஏற்பாடு இல்லாத இடத்தில் வோல்ட் ஒரு கணம் 80, 100 வரைகூட எகிறும். இசியுவின் விலையை யோசித்து, "அண்ணா, வேண்டாம், மீட்டர்ல பாருங்க" என்று சொல்லிவிடுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

"நேற்று நன்றாக ஓடியது, காலையில் செத்துக் கிடக்கிறது"

இரண்டு காரணங்கள்தான்: உள்ளே போவது குறைவு, அல்லது வண்டி தூங்கும்போது யாரோ குடிக்கிறார்கள்.

முதலாவது பெங்களூர் வியாதி. வீட்டிலிருந்து ஆபீஸ் நாலு கிலோமீட்டர், அதில் பாதி நேரம் அவுட்டர் ரிங் ரோட்டில் நின்றபடி. ஏசி, ஹெட்லைட், வைப்பர், போன் சார்ஜிங் எல்லாம் ஓட, ஐடிலிங்கில் ஆல்டர்னேட்டர் கொடுப்பது செலவுக்கே சரியாகப் போகிறது. காலையில் செல்ஃப் அடித்த கடன்கூட அடையாது. வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர்கள் வாரத்துக்கு ஒருநாள் கடைவரை ஓட்டுவது இன்னும் மோசம். மாலை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து ஓர் அளவு, காலையில் ஓர் அளவு எடுங்கள். மாலையிலேயே 12.3 என்றால் சார்ஜ் போதவில்லை. ஒரு நீண்ட ஓட்டம் அல்லது சார்ஜரில் ஓர் இரவு. மாலையில் 12.6, காலையில் 12.1 என்றால் கசிவு.

கசிவைப் பிடிக்கும் வழி இது. எல்லாவற்றையும் அணைத்து, பானெட்டைத் திறந்து வைத்துக் கதவுகளை மூடி, வண்டியைப் பூட்டுங்கள். பானெட்டுக்கு ஸ்விட்ச் இருந்தால் அதன் கொக்கியை ஸ்க்ரூடிரைவரால் அழுத்தி மூடியதாக நம்பவைக்கலாம். சாவியைத் தூரத்தில் வையுங்கள். மீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, நெகட்டிவ் கிளாம்பைக் கழற்றி, கிளாம்புக்கும் கம்பத்துக்கும் நடுவே மீட்டரைக் கோர்த்துவிடுங்கள். முதலில் பல ஆம்பியர் காட்டும். உடனே முடிவுக்கு வராதீர்கள், கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாகத் தூங்க அரை மணி நேரம்கூட ஆகலாம். அதன் பின் 50 மில்லி ஆம்பியருக்குள் நின்றால் வண்டி சுத்தம். மீட்டர் கோர்த்திருக்கும்போது யாரும் செல்ஃப் அடிக்கக் கூடாது. அடித்தால் மீட்டரின் ஃப்யூஸ் காலி.

400 மில்லி ஆம்பியர் என்று நிற்கிறதா? ஒரு நாளைக்கு 9.6 ஆம்பியர் அவர். 35 ஆம்பியர் அவர் பேட்டரி இரண்டே நாளில் பாதிக்கு மேல் காலி.

குடிப்பது யார் என்று தேட ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கலாம். ஆனால் பிடுங்கி மாட்டும்போது தூங்கிய கம்ப்யூட்டர் விழித்துக்கொண்டு கணக்கைக் கெடுக்கும். இதைவிட நேர்த்தியான வழி, மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, ஃப்யூஸின் முதுகில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளையும் தொடுவது. கரண்ட் ஓடாத ஃப்யூஸில் பூஜ்யம். ஓடுவதில் ஏதாவது ஒரு சின்ன எண். உட்காரும் பக்கத்து ஃப்யூஸ் பெட்டிக்காகக் கதவைத் திறக்க வேண்டியிருந்தால், திறந்தபடியே கதவுப் பூட்டின் கொக்கியை மூடிய நிலைக்குத் தள்ளிவிட்டு மறுபடி தூங்கவிடுங்கள்.

பெரும்பாலும் மாட்டுவது வெளியே வாங்கிப் போட்டதுதான். டேஷ்கேம், ஜிபிஎஸ் டிராக்கர், ஆம்ப்ளிஃபயர், சாவி அணைத்தும் உயிரோடிருக்கும் ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ. ஸ்கேனர் மாட்டும் ஓபிடி சாக்கெட்டில் செருகிய சின்ன டப்பாவையும் கழற்றிப் பாருங்கள், சில வண்டிகளில் அது கம்ப்யூட்டரைத் தூங்கவே விடாது. அடுத்து டிக்கி விளக்கு. அதற்கும் அடுத்து பேஸ்மென்ட் எலி. பேட்டரித் தட்டுக்கு அடியில் எலிப்புழுக்கை கிடந்தால் வயர் கட்டை முழுக்கத் தடவிப் பாருங்கள்.

"ஸ்டார்ட்-ஸ்டாப் வேலை செய்யவில்லை"

சிக்னலில் தானாக அணைந்து எடுக்கும் வண்டிக்கு இஎஃப்பி அல்லது ஏஜிஎம் வகை பேட்டரிதான் போட வேண்டும். விலை குறைவு என்று சாதாரணமானதைத் தலையில் கட்டியிருந்தால், இப்போதைக்கு ஓடும், சீக்கிரம் சாகும். லேபிளைப் படியுங்கள். சரியான வகைதான் என்றால், நெகட்டிவ் கிளாம்போடு ஒட்டியிருக்கும் சென்சாரின் சின்ன கனெக்டர் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரி எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று அந்தச் சென்சார் புதிதாகக் கற்றுக்கொள்ள வண்டி சில இரவுகள் பூட்டி நிற்க வேண்டும். பிஎம்டபிள்யூ, ஆடி போன்றவற்றில் புது பேட்டரியை ஸ்கேனர் வைத்துப் பதிவும் செய்ய வேண்டும்.

சில்லறைத் தொல்லைகள்

கண்ணாடி ஒரே தட்டில் ஏறவில்லையா? ஸ்விட்சை அழுத்தி முழுக்க இறக்கி, இறங்கிய பிறகும் இரண்டு மூன்று விநாடி பிடித்திருங்கள். அதே மாதிரி முழுக்க ஏற்றிப் பிடித்திருங்கள். பெரும்பாலான வண்டிகளுக்கு இதுதான் மருந்து, சன்ரூஃபுக்கும் ஏறக்குறைய இதேதான். ரேடியோ ரகசிய எண் கேட்டால் மேனுவல் பையில் இருக்கும் அட்டையைத் தேடுங்கள்; தப்பு எண்ணைத் திரும்பத் திரும்பப் போட்டால் ரேடியோ கொஞ்ச நேரம் பூட்டிக்கொள்ளும். கடிகாரத்தை நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

பைக், ஸ்கூட்டர்காரர்களுக்கு

டெர்மினல் நட்டு முழுக்க இறங்காமல் பாதியில் நிற்பதுதான் இங்கே முதல் சந்தேகம். கேபிள் வளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவே வாஷரைச் செருகியிருந்தால் எடுத்துவிடுங்கள். பேட்டரியை ஒட்டியிருக்கும் ஃப்யூஸைப் பாருங்கள். 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்தவற்றில் ஹெட்லைட் எப்போதும் எரியும், ஆகவே ஊர்ந்து ஓட்டும் வண்டியில் சார்ஜ் மெதுவாகத்தான் ஏறும். ஆர்பிஎம்மை நன்றாக ஏற்றிப் பிடித்து அளந்தால் 13.5-லிருந்து 14.5-க்குள் வர வேண்டும். இல்லையென்றால் சார்ஜ் வோல்ட்டைச் சீராக்கும் ஆர்ஆர் யூனிட்டை (ரெகுலேட்டர்-ரெக்டிஃபயர்) பார்க்க வேண்டும். பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வந்த பிறகு, பேட்டரி முழுக்கச் செத்தால் கிக்கர் உதைத்தும் சில வண்டிகள் எடுக்காது, பம்புக்கே கரண்ட் இருக்காது. கடையில் ஆசிட் ஊற்றித் தரும் வகை என்றால், ஊற்றி ஊறவிட்டு, முதல் சார்ஜ் ஏற்றிய பிறகு மாட்டச் சொல்லுங்கள். ஊற்றியதும் மாட்டிக் கொடுத்தால் அதன் ஆயுள் அங்கேயே குறைந்துவிடும்.

பேட்டரியேதான் பழுது என்றால்

முழு சார்ஜ் ஏற்றிய பிறகும் ஓர் இரவில், டெர்மினல் கழற்றி வைத்த நிலையிலேயே, 12.4-க்குக் கீழே இறங்கினால் வாரன்டிக்கு எடுத்துப் போகலாம். கார்டில் கடை முத்திரை, விற்ற தேதி, பேட்டரியின் மேல் அச்சடித்த சீரியல் எண் மூன்றும் பொருந்த வேண்டும். வாங்கும்போதே இதைச் சரிபார்க்காதவர்கள்தான் கவுன்டரில் நிற்கிறார்கள். கடைக்காரர் உடனே மாற்றித் தர மாட்டார். முதலில் சார்ஜில் போட்டு, மறுநாள் லோடு டெஸ்டர் வைத்துப் பார்ப்பார். அதுதான் சரியான முறையும்கூட. அதுவரை ஓட்ட மாற்று பேட்டரி கேளுங்கள், பல கடைகளில் கொடுப்பார்கள். அதை மாட்டும்போது கிளாம்பைக் கையால் ஒருமுறை திருகிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.